பதிவு பெற்ற தயக்கம்

ஒவிதியுவும் அவன் மனைவி லாவினியாவும் அந்த முடிவை எடுக்க எடுத்துக்கொண்டது, ஒரு கிண்ணம் சூப் ஆறுகிற நேரம். அவர்கள் செய்த குற்றம் அது ஒன்றுதான். மற்றபடி இருவரும் சட்டத்துக்கு அடங்கியவர்கள். குப்பையைக்கூட மூன்று நிறப் பையில் பிரித்துப் போடுகிறவர்கள்.

அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். ருமேனியாவில் டான்யூப் ஆற்றை ஒட்டிய துர்னெலு நகரத்தில், ஒரு நான்காம் மாடி வீட்டில், புளிப்புப் பீன்ஸ் சூப் ஆவி பறக்க மேசைக்கு வந்தது. லாவினியா ரொட்டியை வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"டாக்டர் ஸ்மராந்தா போன் பண்ணாங்க. இலின்காவுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடலாமான்னு கேக்கறாங்க. பதினஞ்சு வயசு ஆகறதுக்குள்ள ஆரம்பிச்சா ரெண்டு ஊசி போதுமாம். தாண்டிட்டா மூணு."

"போட்டுடலாம்."

"நானும் அதான் சொன்னேன்."

அதற்குமேல் அவர்கள் பேசாததற்குக் காரணம் இருந்தது. லாவினியாவின் தங்கை ஒத்திலியா முந்தைய வருஷம் கருப்பைவாய்ப் புற்றுநோயில் போய்விட்டாள். முப்பத்தாறு வயது. அந்த நோயைக் கொண்டுவருகிற வைரஸை வாசலிலேயே மறிக்கிற ஊசி என்றால், அந்த வீட்டில் விவாதிக்க என்ன இருக்கிறது? மகள் இலின்கா மட்டும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"வலிக்குமா? வலிச்சா மறுநாள் ஸ்கூலுக்கு லீவு உண்டா?"

"வலிக்காது. லீவும் கிடையாது," என்றாள் தாய்.

"அப்ப இதுல எனக்கு என்ன லாபம்?"

சூப் ஆறியிருந்தது. சாப்பிட்டார்கள்.

ஒவிதியு டிராலி பஸ் ஓட்டுகிறவன். மேலே மின்கம்பி எந்தப் பக்கம் போகிறதோ, கீழே பஸ் அந்தப் பக்கம் போகும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சந்திப்பில்கூட இடமா வலமா என்று யோசித்தறியாத மனிதன். அப்படிப்பட்டவனைப் பிடித்துத்தான் தயங்கச் சொன்னார்கள்.

மறுநாள் டாக்டர் ஸ்மராந்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்லும்போது அவர் யாரையும் தெளிவாகப் பார்க்க விரும்புவதில்லை.

"ஊசிப் பெட்டி வந்திருக்கு ஒவிதியு. உங்க பொண்ணு பேர் எழுதி ஃபிரிட்ஜுல வெச்சிருக்கேன். ஆனா போட முடியாது. புது விதி. தயக்க ஆபீஸ்ல இருந்து சான்றிதழ் வேணும்."

"எந்த ஆபீஸ்?"

அதன் முழுப்பெயர் 'பெற்றோர் தயக்க வழிகாட்டு மாவட்ட இயக்குநரகம்'. பெற்றோர்கள் குழப்பமில்லாமல் முடிவெடுக்க உதவுவதற்காக மூன்று வருஷத்துக்கு முன்பு தொடங்கப்பட்டது. உதவியை வாங்கிக்கொள்ளாமல் யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பது அதன் முதல் விதி.

"நவம்பர் இருபத்தொன்பது, மதியம் ரெண்டு மணி. அதுக்குள்ள சான்றிதழ் வரலைன்னா இயக்குநரகத்து டிரைவர் வந்து பெட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவான். டிசம்பர் ரெண்டு இலின்காவுக்குப் பிறந்தநாள். போன தடவை அடுத்த ஒதுக்கீடு வரப் பதினாலு மாசம் ஆச்சு. இந்தத் தடவை எப்போன்னு கடவுளுக்கும் தெரியாது, டைரக்டருக்கும் தெரியாது. கடவுளையாவது ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம்."

"நான் முடிவு பண்ணிட்டேனே டாக்டர்?"

"அதை அங்க போய்ச் சொல்லாதீங்க," என்றார் டாக்டர்.

அவன் போய் அதைத்தான் சொன்னான்.

இயக்குநரகத்தில் ஒரே ஒரு ஜன்னல் கவுண்டர். ஜன்னலுக்குப் பின்னால் தோயினா அம்மாள். பின்னலாடை, தோளில் சால்வை, மேசையில் ஏழு ரப்பர் முத்திரைகள். ஒவிதியு கையில் இருந்த காகிதங்களை அவர் கையால் தொடவில்லை, பார்வையால் தள்ளினார்.

"ஃபைல் எங்கே?"

"பேப்பர் எல்லாம் இருக்கும்மா."

"பேப்பர் இருக்கறது எனக்கும் தெரியுது. தகடு வெச்ச ஃபைல் எங்கே?"

உள்ளே ஒரு தகரத் தகடு மடிந்து காகிதத்தைக் கவ்விப் பிடிக்கும் அட்டை ஃபைல் அது. எங்கள் நாட்டில் ஒரு மனிதன் பிறந்தான், கல்யாணம் கட்டினான், செத்தான் என்பதெல்லாம் அந்தத் தகடு கவ்விய பிறகுதான் செல்லும். எதிர்த்த கடையில் விற்கிறார்கள். கடைக்காரி தோயினா அம்மாளின் நாத்தனார். ஒவிதியு வாங்கி வந்தான்.

"பச்சையா? கல்யாணம் நிச்சயம் பண்ணினவங்களுக்குப் பச்சை. தயக்கத்துக்குச் சாம்பல் நிறம்."

மாற்றி வந்தான். தோயினா அம்மாள் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை நாளா தயங்கறீங்க?"

"தயங்கலைம்மா. போட்டுடலாம்னு முடிவு."

பேனா நின்றது. பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் அரையடி தள்ளி நின்றார்கள்.

"தயங்காம எப்படி முடிவு பண்ணீங்க?"

"என் பொண்டாட்டியும் நானும் பேசினோம்."

"எவ்வளவு நேரம்?"

ஒவிதியு பொய் சொல்லத் தெரியாதவன். "சூப் ஆறுற நேரம்."

"என்ன சூப்?"

"பீன்ஸ்."

"பீன்ஸ் சீக்கிரம் ஆறாதுதான்," என்று அவர் நியாயமாக ஒப்புக்கொண்டார். "இருந்தாலும் கணக்குல வராது. குறைஞ்சது முப்பது நாள். தயக்க நாட்குறிப்பு எழுதணும், நாலு வகுப்புக்கு வரணும், மாற்றுக் கருத்துள்ள ஒருத்தரோட நாப்பது நிமிஷம் உட்காரணும், கடைசியில குழு முன்னாடி விசாரணை. வீட்டுக்கு ஒரு ஆள் தயங்கினா போதும். உங்க சம்சாரம் வேலையைப் பார்க்கட்டும்."

அன்று இரவு நாட்குறிப்பை விரித்து வைத்துக்கொண்டு ஒவிதியு பேனாவைக் கடித்தான். "திங்கள்: தயக்கம் இல்லை" என்று எழுதினான். லாவினியா பிடுங்கிப் பார்த்தாள்.

"ஏன்டாப்பா, உன்னைப் பள்ளிக்கூடத்துல யார் பாஸ் பண்ணி விட்டாங்க? குடு இப்படி." அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். "செவ்வாய்: போடலாமா வேண்டாமா. புதன்: நேற்று மாதிரியே. வியாழன்: காலையில் போடலாம் என்றும் மாலையில் பார்க்கலாம் என்றும் தோன்றியது. வெள்ளி: மனைவிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தபடியே தயங்கினேன். கண்ணீர் வந்துவிட்டது."

வெள்ளிக்கிழமைப் பக்கத்தை இயக்குநரகம் நகலெடுத்துச் சுவரில் ஒட்டியது.

வகுப்புகள் மரப்பலகை பதித்த ஒரு பெரிய கூடத்தில் நடந்தன. நடத்தியவர் ரெமுஸ். இருபத்தாறு வயது, கழுத்தில் அடையாள அட்டை, தயக்க ஆலோசகர் என்று பட்டம். முதல் பயிற்சியில் ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தார். ஒன்று எலுமிச்சை, ஒன்று கொக்கோ. ஒவிதியு கொக்கோவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சார், கை அவ்வளவு வேகமா போகக் கூடாது," என்று ரெமுஸ் வருத்தப்பட்டார். "எலுமிச்சைக்கு என்ன வாய்ப்பு குடுத்தீங்க? அதோட தரப்பைக் கேட்டீங்களா?" ஏட்டில் ஐந்து மதிப்பெண் குறைத்தார்.

அடுத்த நாற்காலிக்காரன் பிஸ்கட்டைத் தொடவேயில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, "எனக்கு ரெண்டும் வேண்டாம்" என்றான். அவனுக்கும் ஐந்து மதிப்பெண் போயிற்று. பெயர் கிளௌதியு, சந்தையில் மீன் விற்கிறவன், பதினோரு வயதுப் பெண்ணுக்கு ஊசி வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வந்தவன். அவனையும் அதே குற்றத்துக்காகப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்: தயங்காமல் வேண்டாம் என்றானாம்.

"நான் வேணும்னு வந்தேன்," என்றான் ஒவிதியு இடைவேளையில்.

"நான் வேணாம்னு வந்தேன். ரெண்டு பேரும் ஒரே கூண்டு. தேநீர் குடிங்கண்ணே."

மூன்றாம் வகுப்புக்கு டைரக்டர் புக்‌ஷான் நேரில் வந்து உரையாற்றினார். உயரமான மனிதர்; பேசும்போது இரண்டு கைகளையும் தராசுத்தட்டு மாதிரி ஏந்திக்கொள்வார்; எந்தத் தட்டும் எப்போதும் இறங்காது.

"பெரியோர்களே! மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த மாவட்டத்துல தயங்கின பெற்றோர் இருநூறு பேர். பாவம், அவங்க தன்னந்தனியா, அடுப்படியில, எந்த மேற்பார்வையும் இல்லாம தயங்கிட்டிருந்தாங்க. சிலர் ரெண்டே நாள்ல முடிவுக்கு வந்து சீரழிஞ்சாங்க. இன்னிக்கு நாலாயிரம் பேர்! அத்தனையும் பதிவு பெற்ற தயக்கம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபைல்." கைதட்டல். "வெளியில சிலர் கேக்கறாங்க, எத்தனை பிள்ளைங்களுக்கு ஊசி போட்டீங்கன்னு. ஊசி போடறது டாக்டர் வேலை. எங்க வேலை அதுக்கு முந்தினது. எங்க வேலை முடியாம அவங்க வேலை தொடங்கக் கூடாது. பெருமையோட சொல்றேன், இதுவரைக்கும் எங்க வேலை முடிஞ்சதே இல்ல!"

தோயினா அம்மாள் முதலில் எழுந்து நின்று தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள்.

"சார்," என்று ஒவிதியு கையைத் தூக்கினான். "எல்லாரும் முடிவு பண்ணிட்டா இந்த ஆபீஸ் என்ன ஆகும்?"

டைரக்டர் அவனைக் கருணையோடு பார்த்தார். "நீங்க ரொம்ப இருட்டாவே யோசிக்கறீங்க."

நவம்பர் நடுவில் கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியது. மாற்றுக் கருத்து அமர்வுக்கு ஒவிதியுவையும் கிளௌதியுவையும் ஜோடி சேர்த்தார்கள். மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மணற்கடிகாரம். வெளியிலிருந்து பூட்டிவிட்டு ரெமுஸ் கண்ணாடி வழியாகக் குறிப்பெடுத்தார். நாற்பது நிமிஷம் கருத்து வேறுபட வேண்டும்.

முதல் பத்து நிமிஷம் நதிமீன் விலை பற்றிப் பேசினார்கள். அதில் வேறுபட்டார்கள், ரெமுஸுக்குத் திருப்தி. பிறகு ஒவிதியு கேட்டான்:

"ஏன்யா, எதுக்கு வேணாங்கற?"

"மாமியார் சொல்றாங்கண்ணே. போன்ல வந்துச்சாம். இந்த ஊசி போட்டா பொண்ணுக்கு மீசை முளைக்குமாம்."

"உன் மாமியாருக்கு மீசை இருக்கா?"

கிளௌதியு யோசித்தான். "லேசா இருக்கு."

"அவங்க ஊசி போட்டுக்கிட்டாங்களா?"

"இல்லையே."

"அப்போ?"

கிளௌதியு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. மணற்கடிகாரத்தை விரலால் சுரண்டினான்.

"மீசையெல்லாம் சும்மாண்ணே. அவ இன்னும் பொம்மைக்குச் சட்டை தைக்கிறா. இந்த ஊசி எதுக்கு, எந்த வழியில வர்ற நோய்னு டாக்டர் சொன்னப்போ, அந்த நிமிஷமே அவ பெரியவளாகி ஒருத்தன் கையைப் பிடிச்சுட்டுப் போற மாதிரி கண்ணுக்கு முன்னாடி வந்துடுச்சு. வேணாம்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். ஊசி போடலைன்னா அவ வளரமாட்டான்னு நெனச்சேனோ என்னமோ. முட்டாப்பய."

ஒவிதியு மணற்கடிகாரத்தைத் தன் பக்கம் நகர்த்தினான்.

"என் கொழுந்தியா ஒத்திலியா," என்றான். "கடைசி மூணு மாசம் ஆஸ்பத்திரிக்கு என் பஸ்லதான் வருவா. முன் சீட்டு. குளிருன்னா சில நாள் பஸ்ஸுக்கு மேலே இருக்கற கொம்பு கம்பியை விட்டு நழுவிடும், பஸ் நின்னுடும். நான் இறங்கி மாட்டணும். 'இறங்கித் தள்ளட்டுமா அத்தான்?'னு கேப்பா. நாப்பது கிலோ இருந்தா அப்போ. பஸ் பூரா சிரிக்கும். நானும் சிரிச்சேன்."

மணல் விழுந்துகொண்டிருந்தது. கிளௌதியு மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். மீன் வாசனை அடித்தது.

கதவு திறந்தது. "முப்பத்தோராவது நிமிஷத்துல உங்களுக்குள்ள ஒத்துப்போச்சு," என்றார் ரெமுஸ், நெஞ்சு நொறுங்கியவர் போல. "ஒவிதியு சார், உங்களுக்குப் பத்துக்கு ரெண்டு. கிளௌதியு சார், உங்ககிட்ட முன்னேற்றம் இருக்கு. உண்மையாவே குழம்பிட்டீங்க."

குழம்பியவனை இயக்குநரகம் விடவில்லை. அந்த வாரமே படம் பிடித்தது. ஊரெங்கும் சுவரொட்டி: தாடையில் கை வைத்து வானத்தைப் பார்க்கிற கிளௌதியு, கீழே 'நான் தயங்குகிறேன். நீங்கள்?' ஒவிதியுவின் பஸ் பின்பக்கத்திலும் ஒட்டினார்கள். சந்தை நிறுத்தத்தில் கிளௌதியு பஸ்ஸில் ஏறி ஒவிதியுவின் காதோடு சொன்னான்:

"அண்ணே, பொண்ணுக்குப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். வெளியில சொல்லிடாதீங்க. மார்ச் வரைக்கும் தயங்கறதா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

நவம்பர் இருபத்தெட்டு, வியாழக்கிழமை, குழு விசாரணை. பெட்டியைத் திருப்பி எடுக்க இன்னும் ஒரு நாள். ஒவிதியு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று கிலோ எடையாகிவிட்ட சாம்பல் ஃபைலை மார்போடு அணைத்துப் போனான். வாசலில் லாவினியா அவன் காலரைச் சரிசெய்தாள்.

"ஊமை மாதிரி நில்லு. எதைக் கேட்டாலும் பெருமூச்சு விடு. முடிவு, நிச்சயம், கண்டிப்பா, இந்த மூணு வார்த்தை வாயில வரக் கூடாது."

மேசைக்குப் பின்னால் டைரக்டர், ரெமுஸ். குறிப்பெழுத தோயினா அம்மாள். டைரக்டர் ஒரு சிகரெட்டை முடித்து ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்திருந்தார்.

"இப்ப எப்படி இருக்கு ஒவிதியு, உள்ளுக்குள்ள?"

ஒவிதியு பெருமூச்சு விட்டான். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"தூக்கம் வர்றதில்ல சார். போன வாரம் ஒரு சந்திப்புல பஸ்ஸை நிறுத்திட்டேன். இடமா வலமான்னு பார்த்தேன். மேலே கம்பி ஒண்ணுதான் இருக்கு. இருந்தும் பார்த்தேன். பின்னாடி எட்டு வண்டி ஹாரன் அடிச்சுது."

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ரெமுஸின் கண்களில் ஈரம்.

"நல்லா வந்திருக்கீங்க," என்றார் டைரக்டர் மெல்ல. முத்திரையை எடுத்தார். மைத்திண்டில் ஒற்றினார். "தோயினா, காபி கொண்டு வாங்க, சந்தோஷமான விஷயம்."

தோயினா அம்மாள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. கதவும் திறந்திருந்தது. மேசை மேல் ஒரே ஒரு காகிதம் லேசாக நடுங்கியது.

"குறுக்குக்காற்று!" என்று அலறினார் டைரக்டர்.

அதற்குப்பின் நடந்ததை எங்கள் நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே ஓடுகிற காற்று காதிலோ கழுத்திலோ பட்டால் ஆள் படுக்கையில் விழுவான் என்பது எங்கள் நாட்டு நம்பிக்கை. ரெமுஸ் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போனார். தோயினா அம்மாள் சால்வையைத் தலைவழியாகப் போர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். டைரக்டர் இடது கழுத்தைப் பிடித்தபடி, "இறங்கிடுச்சு, எனக்குத் தெரியும், தோள்பட்டைக்கு இறங்கிடுச்சு" என்று முனகினார். தடுப்பூசியின் நன்மை தீமைகளைப் பற்றி அறுபது பக்கம் அச்சிட்டு வழங்கிய அலுவலகம் அது. குறுக்குக்காற்றைப் பற்றி ஒரு வரிகூட அச்சிட்டதில்லை. அந்த விஷயத்தில் யாருக்கும் தயக்கம் கிடையாது.

விசாரணை டிசம்பர் பன்னிரண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மை ஒற்றிய முத்திரை மேசையில் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் ஒன்றேகாலுக்கு ஒவிதியு சாம்பல் ஃபைலோடு இலின்காவைக் கூட்டிக்கொண்டு டாக்டர் ஸ்மராந்தாவிடம் போனான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று லாவினியாவிடம் சொன்னான். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

"நான் சான்றிதழ் இல்லாம போட்டா, என் கிளினிக்கை மூடிடுவாங்க," என்றார் டாக்டர். "ஆயிரத்து நானூறு பேர் என்கிட்ட வர்றாங்க ஒவிதியு. மன்னிச்சுக்குங்க." கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அப்போது பின்கதவு திறந்தது. கழுத்தில் இரண்டு சுற்று மஃப்ளரோடு டைரக்டர் புக்‌ஷான் உள்ளே வந்தார். கூடவே பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி.

"டாக்டர், ரெண்டு மணிக்குத் திரும்பப் போற பெட்டி ஒண்ணு இருக்குமே," என்றார் அவர், யாரையும் கவனிக்காமல். "வீணாத்தானே போகுது. என் பொண்ணு தெயோதோரா. சட்டுனு போட்டு விட்டுடுங்க, பாட்டு வகுப்புக்குப் போகணும்."

"ஃபைல் இருக்கா சார்?" என்றார் டாக்டர்.

"என்ன ஃபைல்? என் பொண்ணும்மா இவ!"

"எத்தனை நாள் தயங்கினீங்க சார்?" என்று மூலையிலிருந்து கேட்டான் ஒவிதியு.

டைரக்டர் திரும்பினார். ஃபைல்தான் முதலில் அவர் கண்ணில் பட்டது, அதற்குப் பிறகுதான் ஆள். பழக்கத்தில் இரண்டு கைகளும் தராசு மாதிரி எழுந்தன. ஏந்துவதற்கு ஒன்றும் கிடைக்காமல் நின்றன.

"தயங்கறதா? என்னய்யா கேள்வி இது? எங்கம்மா இந்த நோயிலதான் போனாங்க. இவளுக்கு எதுக்கு நான் தயங்கணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைத் தெளிவாகப் பார்த்தார். ஒவிதியுவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆறு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எத்தனை வயசு சார் அம்மாவுக்கு?"

"நாப்பத்தொண்ணு," என்றார் டைரக்டர். "நான் ஏழாவது படிச்சேன்."

தெயோதோரா இதற்குள் இலின்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு எத்தனை?"

"திங்கக்கிழமை பதினஞ்சு."

"அய்யோ, அப்ப நீ போட்டுக்கோ. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு." தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, இந்தக்கா போட்டுக்கட்டும். நாம போலாம், லேட்டாகுது."

சூப் ஆறுவதற்குக்கூட நேரமாகவில்லை.

டாக்டர் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து டைரக்டர் முன்னால் நீட்டினார். அவர் கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். உருப்படியான அதிகாரி யாரும் அது இல்லாமல் வெளியே வருவதில்லை. கை காகிதத்துக்கு மேலே நின்றது. "நேத்து சந்தோஷத்துல யோசிக்கலை. இதை ஒத்தினா," என்றார் வெளிறிப்போய், "முடிவெடுத்தவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒண்ணுன்னு போடணும். மூணு வருஷமா அங்க சைபர்தான். தலைநகர்ல இருந்து ஆள் வருவாங்க."

கடிகாரம் ஒன்று ஐம்பது.

"ஒத்த வேண்டாம் சார்," என்றார் டாக்டர். "பெட்டி திரும்பப் போகணும்னுதானே உங்க விதி? போகட்டும். பெட்டின்னுதான் எழுதியிருக்கு. நீங்க கொஞ்சம் வாசல் பக்கம் திரும்பிப் பாருங்க. நல்ல வெயில்."

டைரக்டர் திரும்பிக்கொண்டார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவர் அதை மிகுந்த கவனத்தோடு பார்த்தார்.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். இலின்கா சட்டைக் கையைச் சுருட்டி, மறு கையால் தகப்பன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து ஐந்தாறு வருஷமாகியிருந்தது. ஊசி உள்ளே போய் வெளியே வர மூன்று நொடி. "அவ்வளவுதானா?" என்றாள். ஒவிதியு ஃபைலைத் திறந்து எதையோ தேடுகிறவன் போல முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டான். தேதியையும் மருந்தின் எண்ணையும் டாக்டர் இலின்காவின் தடுப்பூசி அட்டையில் எழுதி, "அடுத்தது மே மாசம். அதை மே மாசத்துல பார்த்துக்கலாம்," என்றார்.

சரியாக இரண்டு மணிக்கு இயக்குநரகத்து டிரைவர் வந்தான். டாக்டர் காலிப் பெட்டியைக் கொடுத்தார். அவன் அதன் மேலிருந்த எண்ணை ரசீதோடு ஒப்பிட்டான், டிக் போட்டான். குளிர்ப்பைக்குள் பனிக்கட்டிகளுக்கு நடுவே குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தான். வெப்பமானியைப் பார்த்தான்.

"நாலு டிகிரி. எல்லாம் சரியா இருக்கு," என்றான். டைரக்டருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான். அந்தப் பெட்டி இன்றைக்கும் இயக்குநரகத்துக் குளிரறையில் நாலு டிகிரியில் பத்திரமாக இருக்கிறது; வாரம் இரண்டு முறை சோதிக்கிறார்கள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு ஒவிதியு போகவில்லை. ஆஜராகாமல் இருப்பது தயக்கத்தின் மிக உயர்ந்த நிலை என்று குழு தீர்மானித்தது. பதிவேட்டின்படி அவன் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறான். மாதாமாதம் முதல் தேதி, இயக்குநரகத்திலிருந்து, மனம் தளராமல் இப்படியே தொடரும்படி ஒரு பாராட்டுக் கடிதம் அவன் வீட்டுக்கு வருகிறது.